கிளச்சு: பிடியும் விடுகையும்

மோட்டார் வண்டியின் உறுப்புகளுள் பேரும் புகழும் பெற்றது எஞ்சின். பேரெடுக்காமலே உழைத்துத் தேய்வது கிளச்சு. எஞ்சினின் குதிரைத்திறனை ஒப்பித்துக் காட்டும் அன்பர்கள் நம் விடுதியிலேயே பலர் உண்டு. ஆனால், அந்தத் திறன் முழுவதும் சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய வட்டத் தகடு ஒன்றின் வழியாகத்தான் சக்கரங்களுக்குப் போய்ச் சேருகிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. பழைய விளையாட்டுக் கார் ஒன்றில் அந்தத் தகட்டை வீட்டிலேயே மாற்றுவது எப்படி என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்வது எப்படி என்பதையும் சொல்லியாக வேண்டும். கடல் சூழ்ந்த நம் அந்தமானில் இந்த இரண்டாவது கேள்விதான் பெரிய கேள்வி.

மாட்டு வண்டிக்குக் கிளச்சு வேண்டியதில்லை. மாடு நின்றால் வண்டி நிற்கும். மாடு நடந்தால் வண்டி நகரும். எஞ்சின் அப்படிப்பட்ட பிராணியன்று. நின்றால் அணைந்துவிடும், ஓடினால் நிமிடத்திற்குப் பல நூறு சுற்றுக்குக் குறையாமல்தான் ஓடும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினையும் நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தையும் சண்டையின்றிச் சேர்த்து வைக்க ஒரு தரகர் வேண்டுமல்லவா? அந்தத் தரகர்தான் கிளச்சு.

எஞ்சின் தண்டின் பின்முனையில் கனமான பிளைவீல் சக்கரம் இருக்கிறது. அதன் முகத்தோடு பிரஷர் பிளேட்டு என்னும் மூடி போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கிறது. மூடிக்குள் வலிமையான வில்சுருள்கள். இவ்விரண்டுக்கும் நடுவே, தோசைக்கல்லுக்கும் அதன்மேல் கவிழ்த்த மூடிக்கும் இடையே அகப்பட்ட தோசையைப்போல, கிளச்சுப் பிளேட்டு கிடக்கிறது. அதன் இரு முகங்களிலும் உராய்வுப் பட்டை. நடுவே பல்வெட்டிய துளை. கியர்ப் பெட்டியிலிருந்து நீளும் தண்டு அத்துளைக்குள் செருகிக்கொள்கிறது. மிதியில் கால் வைக்காத வரையில் வில்சுருள்கள் பிளேட்டை நெருக்கிப் பிடிக்கின்றன. எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒன்றாகச் சுழல்கின்றன. மிதியை அழுத்தினால் குழாயில் உள்ள எண்ணெய் அந்த அழுத்தத்தைக் கொண்டுபோய் ஒரு கவட்டை நெம்புகிறது. கவட்டின் நுனியில் உள்ள ரிலீஸ் பேரிங் வில்களின் பிடியைத் தளர்த்துகிறது. பிளேட்டு விடுதலை பெறுகிறது. கிளச்சின் தொழில் பிடிப்பதும் விடுவதும். இரண்டில் எது தவறினாலும் நோய்தான்.

பௌதிக வகுப்பில் படித்த உராய்வுக் கணக்கை இங்கே கொஞ்சம் நினைவுகூர்வோம். வில்களின் அழுத்தம் 3,000 நியூட்டன் என்றும், பட்டையின் சராசரி ஆரம் 7 சென்டிமீட்டர் என்றும், உராய்வுக் கெழு 0.3 என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உராயும் முகங்கள் இரண்டு. ஆகவே கடத்தக்கூடிய முறுக்கு விசை 0.3 × 3,000 × 0.07 × 2, அதாவது 126 நியூட்டன் மீட்டர். சிறிய எஞ்சினுக்கு இது தாராளம். அதே பட்டையில் கொஞ்சம் எண்ணெய் ஊறி உராய்வுக் கெழு 0.1 ஆகிவிட்டதென்றால்? 42 நியூட்டன் மீட்டர்தான் மிச்சம். வில்லும் தேயவில்லை, பட்டையும் தேயவில்லை; ஆனாலும் மேட்டில் எஞ்சின் அலறும், வண்டி நகராது. இந்த நிலையில் புதுப் பிளேட்டு வாங்கிப் போட்டு எண்ணெய்க் கசிவை அப்படியே விட்டவர் காசைக் கடலில் போட்டவராவார்.

இனி வண்டியைப் பற்றி. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற சிறு கார் வெளிவந்தது. அதன் உருவை வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொத்தி. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் அவரே வரைந்த இரட்டை இருக்கை உடலைப் பொருத்தியதுதான் 1962-இல் வந்த ஸ்பிட்பயர் என்னும் பேர்போன விளையாட்டுக் கார். அது 1980 வரை உற்பத்தியாயிற்று. உலகெங்கும் இன்று பழைய ஸ்பிட்பயரை வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பழுதுபார்ப்போர் ஏராளம். நமக்குப் பெருமை தரும் செய்தி வேறொன்று. அந்த ஹெரால்டு சென்னையிலும் செய்யப்பட்டது! 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி, சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்திலிருந்த தன் தொழிற்சாலையில், 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் அதைச் செய்து விற்றது. 948 கன சென்டிமீட்டர் எஞ்சின், நான்கு கியர், முன்மூடி முழுவதும் முதலை வாயைப்போல முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். ஆகவே, சென்னை ஹெரால்டின் கிளச்சை மாற்றத் தெரிந்தவர் ஸ்பிட்பயரின் கிளச்சையும் மாற்றத் தெரிந்தவரே. எஞ்சினை இறக்காமல், வண்டிக்குள் உட்கார்ந்தபடியே கியர்ப் பெட்டியைக் கழற்றி எடுத்துவிடலாம் என்பது இந்த இரண்டுக்கும் பொதுவான வசதி. வீட்டு முற்றத்தில் வேலை செய்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

போர்ட் பிளேரில், அதாவது 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட நம் தலைநகரில், என் மாமாவிடம் அத்தகைய ஹெரால்டு ஒன்று இருக்கிறது. சென்னையிலிருந்து கப்பலேறி வந்த வண்டி. 50 ஆண்டு கடந்து மூல வடிவம் மாறாத வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்துகொள்ள மைய அரசு 2021-இல் விதி வகுத்திருக்கிறது. ஆனால் அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. "ஓட்டக் கூடாத காருக்கு நம்பர் எதுக்குடா?" என்பார் மாமா. மாயாபந்தரிலுள்ள தம் தங்கை வீட்டுக்கு இந்த வண்டியில்தான் போவேன் என்பது அவர் பிடிவாதம்.

சென்ற மழைக்காலத்தில் அவர் மருத்துவத்துக்காகச் சென்னையில் இரண்டரை மாதம் தங்க நேர்ந்தது. திரும்பி வந்து எஞ்சினைக் கிளப்பினார், கிளம்பிற்று. கியர் போட்டார், கரகரவென்ற ஓசைதான் வந்தது. பார்க்க வந்த பட்டறைக்காரர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கிளச்சு போச்சு அண்ணே. செட்டா மாத்திடணும். இல்லேன்னா இந்தப் பழசைக் கொடுத்துடுங்க, நான் எடுத்துக்கறேன்" என்றார். மாமாவின் முகம் வாடிவிட்டது. ஏறக்குறைய விற்றுவிடும் மனநிலைக்கே வந்துவிட்டார். அவரைத் தடுத்து, நாங்கள் இருவரும் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கியதன் விளைவே இங்கே நான் எழுதுவது.

கிளச்சின் நோய்கள் இரண்டென்றேன். பிடிக்காமை ஒன்று: எஞ்சின் வேகம் ஏறும், வண்டி வேகம் ஏறாது, கருகல் நாற்றம் வீசும். பட்டை தேய்ந்தோ எண்ணெய் ஊறியோ இருக்கிறது என்பது பொருள். விடாமை மற்றொன்று: மிதியை அழுத்தினாலும் பிளேட்டு விடுபடாது, கியர் விழாது, விழுந்தால் வண்டி துள்ளும். பெருநிலத்து நகரங்களில் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து பட்டை தேய்வதால் முதல் நோய் மிகுதி. இங்கே நான் கண்டவரையில் இரண்டாவது நோய்தான் மிகுதி. காரணம் நம் வானம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. இரு பருவக்காற்றும் நம்மைத் தொட்டுவிட்டே போகும். மழையில்லாத நாளிலும் காற்றில் உப்பும் ஈரமும். வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைத்தால் பிளைவீலின் இரும்பு முகம் துருப்பிடித்து, நெருக்கிக்கொண்டிருக்கும் பட்டையோடு பசைபோட்டாற்போல ஒட்டிக்கொள்கிறது. இஃது ஒன்று. மற்றொன்று எண்ணெய். கிளச்சுக் குழாயில் ஓடுவது பிரேக் எண்ணெய்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உறிஞ்சிய நீர் மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டரையும் கீழே இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரையும் உள்ளிருந்தே அரிக்கிறது. ரப்பர் வளையங்கள் பிடிப்பை இழக்கின்றன. மிதி அழுந்தும், விசை போய்ச் சேராது.

ஆகவே கியர்ப் பெட்டியைத் தொடுமுன் செய்ய வேண்டியது எளிய சோதனை. ஒருவர் மிதியை அழுத்த, மற்றொருவர் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகோல் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். சுமார் அரை அங்குலமாவது நகர்ந்தால் எண்ணெய்ப் பாதை நலம். நகரவில்லையென்றால் நோய் பெட்டிக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. சில நூறு ரூபாய் ரப்பர் வளையங்களோடு முடிய வேண்டிய வேலைக்கு வண்டியின் வயிற்றைக் கிழிப்பானேன்? மாமாவின் வண்டியில் கோல் கால் அங்குலம்கூட நகரவில்லை. இரு சிலிண்டர்களையும் கழற்றினோம். உள்ளே காப்பி நிறத்தில் சேறு. துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, புது வளையங்கள் இட்டு, புது எண்ணெய் ஊற்றிக் காற்றை வெளியேற்றினோம். உப்பால் வந்த கேட்டை உப்புத்தாளால் தீர்க்கிறோம் என்று மாமா சிரித்தார். அவசரத்துக்கு எஞ்சின் எண்ணெயைக் குழாயில் ஊற்றுவோர் உண்டு. அது ரப்பரை ஊதவைத்து அழித்துவிடும்; ஒருநாளும் செய்யாதீர்கள்.

இப்போது கோல் முழுத் தூரம் நகர்ந்தது. ஆயினும் கியர் விழவில்லை. இரு நோயும் ஒருங்கே இருந்தன போலும்! ஒட்டிய பிளேட்டை விடுவிக்க முயன்றோம். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி நிறுத்திவிட்டு, மிதியை முழுக்க அழுத்தி, மிதிக்கும் இருக்கைச் சட்டத்திற்கும் நடுவே கட்டை கொடுத்து ஓர் இரவு விட்டோம். பல வண்டிகளில் இதுவே போதும். காலையில் 'டொக்' என்ற ஓசையோடு விடுபட்டுவிடும். இதற்கும் மசியாவிட்டால் ஆளில்லாத சமதளச் சாலையில், இரண்டாம் கியரில் மிதியை அழுத்தியபடியே எஞ்சினைக் கிளப்பி, வேகத்தை ஏற்றியும் இறக்கியும் உலுக்கிப் பார்க்கலாம். எதிரில் சுவரோ மனிதரோ இருக்கக் கூடாது. கிளப்பியவுடன் வண்டி பாயும் என்பதை மறக்கக் கூடாது. மாமாவின் வண்டியில் உலுக்கியபோது பிளேட்டு விடுபட்டது. ஆனால் உடனே பெட்டிக்குள்ளிருந்து அரைபடும் ஓசை கேட்டது. துருவோடு பட்டையும் பெயர்ந்து வந்துவிட்டது. இனித் திறந்தே ஆக வேண்டும்.

திறக்குமுன் இன்னொரு சோதனை. இதைப் பல பட்டறைகளில் செய்வதில்லை. ஆனால் ஹெரால்டு, ஸ்பிட்பயர் எஞ்சின்களுக்கு இது உயிர்நிலை. மிதியை அழுத்தும்போதெல்லாம் ரிலீஸ் பேரிங் எஞ்சின் தண்டையே முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்க உள்ளே இரண்டு அரைவட்ட வாஷர்கள் உண்டு. அவை தேய்ந்தால் தண்டு முன்னும் பின்னும் ஆடும். மிகத் தேய்ந்தால் கழன்று எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்துவிடும். பிறகு தண்டு எஞ்சின் உடலையே அரைக்கும். மிதியை அழுத்தச் சொல்லி, முன்னால் இருக்கும் பெல்ட்டுச் சக்கரம் நகர்கிறதா என்று பாருங்கள். 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி நகர்ந்தால் கிளச்சுக்கு முன் அந்த வாஷர்களைக் கவனியுங்கள். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, எஞ்சினை இறக்காமலே அவற்றை மாற்றலாம். மிதியின்மேல் சும்மா கால் வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் கெட்டது என்று பெரியவர்கள் சொல்வது பட்டைக்காக மட்டுமன்று, இந்த வாஷர்களுக்காகவும்தான். மாமாவின் எஞ்சினில் ஆட்டம் அளவுக்குள் இருந்தது. நல்லவேளை!

உதிரிப் பாகம் வாங்குவதில் நம் தீவுக்கென்று ஒரு நியதி உண்டு. சென்னை நமக்குச் சுமார் 1,190 கிலோமீட்டர். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். கப்பல் நினைத்த நாளில் கிடைப்பதில்லை. தவறான பாகம் வந்து சேர்ந்தால் திருப்பி அனுப்பி மறுபடி பெறுவதற்குள் திறந்து கிடக்கும் பெட்டி துருவேறிவிடும். எனவே பழையதைக் கழற்றி, விட்டத்தை அளந்து, துளையின் பற்களை எண்ணி, படமும் எடுத்து அனுப்பிய பின்னரே புதியதைத் தருவிக்க வேண்டும். பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒருசேர மாற்றுவதே அறிவுடைமை. உழைப்பெல்லாம் திறப்பதில் இருக்கிறது, பாகத்தில் இல்லை. எங்களுக்குப் பேரிங்கும் பிரஷர் பிளேட்டும் சென்னைப் புதுப்பேட்டையில் உறவினர் ஒருவர் தேடி அனுப்பினார். பிளேட்டு மட்டும் கிடைக்கவில்லை. பழைய தகட்டின் எஃகும் நடுத்துளையும் நன்றாக இருந்ததால் அங்கேயே புதுப் பட்டை வைத்து ரிவெட்டு அடித்து வாங்கினோம். அப்படி வாங்கும்போது ரிவெட்டின் தலை பட்டைக்குள் நன்றாகப் புதைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே நின்றால் பிளைவீலைக் கீறும்.

கழற்றும் வேலைக்கு ஒரு பகல் போதும். பாட்டரி இணைப்பை முதலில் பிரித்துவிட வேண்டும். வண்டியை ஜாக்கியால் தூக்கினால் இரும்புத் தாங்கிகளில் நிறுத்தாமல் அடியில் புகக் கூடாது. செங்கல்லை நம்பிப் படுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், உயிரை அவ்வளவு மலிவாகக் கருதக் கூடாது. முன் இருக்கைகளையும் விரிப்பையும் எடுத்துவிட்டால் நடுவே மேடுபோல் இருக்கும் மூடி தெரியும். அதைக் கழற்றினால் கியர்ப் பெட்டி கண்முன்னே! கியர் எண்ணெயை வடித்துவிடுங்கள். மறந்தால் வண்டிக்குள் குளம் கட்டும். பின்னால் புரொப்பெல்லர் தண்டின் நான்கு போல்ட்டுகள், வேகமானியின் கம்பி, மேலே கியர்க் கோலோடு கூடிய மூடி, பக்கத்தில் ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றைக் கழற்றி, ஸ்லேவ் சிலிண்டரைக் குழாய் பிரிக்காமலே ஒதுக்கிக் கட்டிவிடலாம். எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் மெல்லத் தாங்கிய பிறகே பெட்டியின் பின்தாங்கலையும், எஞ்சினோடு சேர்க்கும் சுற்றுப் போல்ட்டுகளையும் எடுக்க வேண்டும். பிறகு பெட்டியை நேர்கோட்டில் பின்னோக்கி இழுக்க வேண்டும். அதன் எடை தண்டின் நுனியில் தொங்கலாகாது. தொங்கினால் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். ஆகவே இருவர் வேண்டும். பக்கத்து இருக்கை இருந்த இடத்துக்குத் திருப்பி, கதவு வழியாக வெளியே எடுத்துவிடலாம்.

உள்ளே கருந்தூசி படிந்திருக்கும். ஊதாதீர்கள். பழைய பட்டைகளில் கல்நார் கலந்திருக்கும்; அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத் துணியால் துடைத்து, துணியையும் கட்டி எறிந்துவிட வேண்டும்.

பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை ஒரே மூச்சில் கழற்றாமல், எதிரெதிராக அரைச்சுற்று அரைச்சுற்றாகத் தளர்த்த வேண்டும். இல்லையேல் மூடி கோணும். பிளைவீல் முகத்தில் எங்களுக்குத் துரு வட்டம் வட்டமாக இருந்தது. நயமான உப்புத்தாளால் தேய்த்து வழித்தோம். ஆழக் குழியோ வெடிப்போ இருந்தால் கடைசல் பட்டறைக்குத்தான் போக வேண்டும். எஞ்சின் பின்முனையிலும் கியர்ப் பெட்டி முன்முனையிலும் எண்ணெய் கசிகிறதா என்று பார்க்கும் நேரம் இதுவே. எஞ்சின் தண்டின் நடுத்துளையில் சிறிய வெண்கலப் புஷ் ஒன்று ஒளிந்திருக்கும், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ரிலீஸ் பேரிங்கை நெம்பும் கவட்டின் ஊசிகளும் தேயக்கூடியவை.

பூட்டும்போது தகராறு செய்வது ஒன்றே ஒன்று: பிளேட்டு மிகச் சரியாக நடுவில் நிற்க வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் கியர்ப் பெட்டியின் தண்டு நுழையாது. இதற்கென்று கருவி விற்கிறார்கள். எங்களுக்குத் தச்சர் ஒருவர் படாக் மரத்துண்டைக் கடைந்து கொடுத்தார்: நுனி புஷ்ஷுக்கு ஏற்ற பருமன், உடல் பிளேட்டின் துளைக்கு ஏற்ற பருமன். அந்தமானின் அந்தச் செம்மரம் எஃகுக் கருவியின் வேலையைச் செய்துவிட்டது. பிளேட்டில் பிளைவீல் பக்கம் எது என்று பார்த்து வைக்க வேண்டும். திருப்பி வைத்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற நேரும். பிறகு பிரஷர் பிளேட்டை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்கி, மரத்துண்டை உருவினால், துளை நடுவில் நிற்கும். பெட்டியை ஏற்றும்போது ஒரு கியரில் போட்டு, பின்முனையைக் கையால் மெல்லச் சுழற்றினால் பற்கள் தாமாகவே பொருந்தும். பொருந்தாத பெட்டியைப் போல்ட்டு முடுக்கி இழுத்துப் பொருத்த முயல்வது கூடாது. ஏதோ ஒன்று உடையும்.

எல்லாம் பூட்டியபின் எண்ணெய்க் குழாயில் காற்று இருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு, முதல் சில நூறு கிலோமீட்டர் மென்மையாக ஓட்ட வேண்டும். புதுப் பட்டை பிளைவீல் முகத்தோடு பழக அவ்வளவு தூரம் ஆகும். அதற்குள் மேட்டில் நிறுத்திக் கிளப்பிச் சோதிக்கும் ஆர்வத்தை அடக்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். அந்தமான் டிரங்கு ரோட்டில் வடக்கே போகிறவர் அறிவர். ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் வரை சுமார் 50 கிலோமீட்டர், ஜாரவா மக்களின் காப்புக்காட்டு வழி. காவலோடு வரிசையாகத்தான் செல்ல வேண்டும், முந்தக் கூடாது, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, நடுவில் நிறுத்தவும் கூடாது. அங்கே ஒருவர் கிளச்சு கைவிட்டால் பின்னால் வரும் வரிசை முழுவதும் தவிக்கும். நாம் நிற்கக் கூடாத காட்டில், அம்மக்களின் வாழ்விடத்தில், ஒரு கூட்டமே நிற்க நேரும். வரிசை ஊரும்போது முன்னவரோடு ஒட்டிப்போக அரைக் கிளச்சில் தொங்குவதைவிட, சிறிது இடைவெளி விட்டு இரண்டாம் கியரில் கால் எடுத்து ஓட்டுவது நல்லது. மேட்டில் நிற்கும்போது வண்டியைத் தாங்க வேண்டியது கைப்பிரேக்கு, கிளச்சு அன்று.

புதுக் கிளச்சோடு 600 கிலோமீட்டர் உள்ளூரில் ஓட்டிய பிறகே மாமா மாயாபந்தர் புறப்பட்டார். நானும் உடன் சென்றேன். மிடில் ஸ்ட்ரெயிட்டில் வண்டிப் படகின் சாய்தளத்தில் ஏறும்போது மட்டும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். வண்டி ஏறிவிட்டது. இப்போது மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது, ஐந்து கிலோமீட்டராவது, எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுகிறார். வெளியூர் போனால் சாவி என்னிடம் வருகிறது. பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதென்று முன்மூடியின் உட்புறம் சுண்ணக்கட்டியால் தேதி எழுதி வைத்திருக்கிறோம்.